உடைஞ்ச பக்கம் சாயாதீங்க

தம்பி, இந்தப் பக்கம் சாயாதீங்க. இது உடைஞ்ச பக்கம்.

சீட்டைச் சொல்லல. சீட்டு நல்லாத்தான் இருக்கு. என் விலாவச் சொல்றேன். ஆண்டிபட்டியில நான் ஏறுனதுல இருந்து பாக்குறேன், தூங்கித் தூங்கி என் மேலயே விழுறீங்க. தூங்க வேணாம்னு சொல்லல. விழுறதா இருந்தா ஜன்னல் பக்கமா விழுங்க. அந்தக் கம்பிக்கு ஒண்ணும் ஆகாது. எனக்கு ஒரு எலும்பு ஏற்கெனவே போயி ஒட்டியிருக்கு, இன்னொண்ணு முந்தாநாள் போயிருச்சு. மூணாவதை நீங்க வாங்கிட்டுப் போயிராதீங்க.

முழிச்சுட்டீங்களா? நல்லதாப் போச்சு. மதுரை போற வரைக்கும் எனக்கும் பேச்சுத் துணைக்கு ஆள் வேணும். கண்டக்டர்கிட்டப் பேசிப் பாத்தேன், மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போயிட்டான்.

இந்தத் தலகாணியா? அதை ஏன் கேக்குறீங்க. என் வீட்டுக்காரி குடுத்து விட்டது. வேலுத்தாய்னு பேரு. காலையில ஆட்டுச் சந்தைக்குப் போறேன்னு சொல்லிட்டுக் கிளம்புறேன், இதைத் தூக்கி நீட்டுறா. "பஸ்ஸுல வெச்சுக்கங்க"ங்கிறா. உலகத்துல எவனாச்சும் ஆட்டுச் சந்தைக்குத் தலகாணி கொண்டு போவானா? ஆடு வாங்கப் போறேனா, ஆட்டோட படுக்கப் போறேனா? அதோட விட்டாளா? புதுப் பனியனை எடுத்துக் குடுத்து, பழசைக் கழட்டுங்கங்கிறா. ஏன்டி, ஆடு என் சட்டையக் கழட்டிப் பாத்துட்டுத்தான் கூட வருமான்னு கேட்டேன். அவபாட்டுக்கு அடுப்படிக்குள்ள போயிட்டா. வயசாக வயசாக அவளுக்குக் கூறு குறைஞ்சுக்கிட்டே வருது தம்பி.

உங்ககிட்டச் சொல்றதுக்கு என்ன. நான் சந்தைக்குப் போகல. ஆஸ்பத்திரிக்கு எக்ஸ்ரே எடுக்கப் போறேன். இன்னைக்கு எங்க வட்டாரத்துல எங்கிட்டும் ஆட்டுச் சந்தையே கிடையாது. கறிக்கடைக்காரனுக்கு வாக்கப்பட்டு முப்பது வருஷமாகுது, எந்தக் கிழமை எங்க சந்தைன்னுகூட அவளுக்குத் தெரியல. எனக்கும் அது வசதியாப் போச்சு. ஏன்னா இந்த எலும்பு போனது அவளுக்குத் தெரியவே கூடாது. தெரிஞ்சா ஒரு பச்சப் பிள்ளையோட பேரு ஆயுசுக்கும் கெட்டுப் போயிரும். இருங்க, மொதல்ல இருந்து சொல்றேன்.

ஜக்கையன் கறிக்கடைன்னு ஆண்டிபட்டியில யாரைக் கேட்டாலும் கை காட்டுவாய்ங்க. அந்த ஜக்கையன் நான்தான். மூணு வருஷத்துக்கு முன்னாடி நுரையீரல்ல கட்டின்னு சொல்லிட்டாய்ங்க. வலது பக்கம், விலாவ ஒட்டி. கேன்சர்தான், சொல்றதுல என்ன வெக்கம். எப்படி வந்துச்சுன்னே தெரியல தம்பி. ஒரு கெட்ட பழக்கம் கிடையாது எனக்கு. சாராயத்தை மோந்துகூடப் பாத்ததில்ல. பீடி மட்டும் நாளைக்கு ரெண்டு கட்டு, அதுவும் கடையில ஈ வரக் கூடாதுன்னுதான். நான் என்ன நினைக்கிறேன்னா, வேலுத்தாய் மொளகா வறுப்பா பாருங்க, தெருவே தும்மும். அந்த நெடிதான் உள்ள போயி உக்காந்துருச்சு. டாக்டரம்மாகிட்டயும் சொன்னேன். "பீடிய விட்டுட்டீங்களா"ன்னு கேக்குறாங்க. நான் மொளகாயச் சொல்றேன், அவங்க பீடியப் புடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க.

கரண்டு வெச்சாங்க. வீட்டுக்கு வர்ற கரண்டு இல்ல, கதிர். எங்க பக்கம் எல்லாரும் கரண்டு வைக்கிறதுன்னுதான் சொல்லுவோம். நெஞ்சுல மையால கோடு போட்டு, அளவெடுத்து, அசையாமப் படுக்கச் சொல்லிட்டு எல்லாரும் வெளிய ஓடிருவாங்க. மிசினு மட்டும் நம்மளச் சுத்திச் சுத்தி வரும். வலியே கிடையாது. ஊருக்குள்ள வந்தாத்தான் வலி. பக்கத்துக் கடைக்காரன் கேக்குறான், "அண்ணே, இப்ப ஒன் வாயில பல்பை வெச்சா எரியுமா?" "ஒன் வாயில வெய்யி, ஒடச்சுக் காட்டுறேன்"னேன். பிள்ளைகளத் தூக்க விட மாட்டாய்ங்க, ஷாக்கடிக்குமாம். நான் உக்காந்த நாற்காலியத் தொடச்சுட்டு உக்காந்த ஆளெல்லாம் உண்டு. ஆனா கரண்டு கரண்டுதான் தம்பி, குறை சொல்லக் கூடாது. கட்டி சுருங்கிச் செத்தே போச்சு.

அந்தச் சமயத்துலதான் என் தங்கச்சி பவுன்தாய்க்குப் பிள்ளை பொறந்துச்சு. கூடப் பொறந்தது அவ ஒருத்திதான். கல்யாணமாகிப் பதினாலு வருஷம், ஏறாத மலையில்ல, பாக்காத டாக்டர் இல்ல. ஊர்ல ஒரு விசேஷத்துக்குப் போனா இவளப் பின்னாடி தள்ளி நிக்கச் சொல்லுவாளுக. அப்படியெல்லாம் கேவலப்பட்டு, கடைசியில ஆம்பளப் பிள்ளை. என்ன, கொடி சுத்திப் பொறந்துட்டான். கழுத்துல தொப்புள்கொடி சுத்தியிருந்துச்சாம்.

உங்க ஊர்ல எப்படியோ தெரியாது. எங்க பக்கம் கொடி சுத்திப் பொறந்த பிள்ளை தாய்மாமனுக்கு ஆகாதும்பாய்ங்க. அதுக்குப் பரிகாரம் உண்டு. ஒரு கிண்ணத்துல நல்லெண்ணெய ஊத்தி, பிள்ளையோட மூஞ்சி அதுல தெரியுற மாதிரி காட்டுவாங்க. மாமன் மொதல்ல எண்ணெயில பாத்துட்டு அப்புறம்தான் நேர்ல பாக்கணும். நான் மதுரையில கரண்டு வெச்சுட்டு அப்படியே பிரசவ ஆஸ்பத்திரிக்கு ஓடுறேன். வாசல்லயே கிண்ணத்தை வெச்சுக்கிட்டு நிக்கிறா வேலுத்தாய்.

"எண்ணெயில போட்டுப் பாக்குறதுக்கு அவன் என்ன வடையாடி?"

அப்படிக் கேட்டுட்டு நேரா உள்ள போயி பிள்ளையத் தூக்கிட்டேன். தூக்குன உடனே அவன் செஞ்ச மொத காரியம் என்ன தெரியுமா? கரண்டு வெச்ச நெஞ்சு மேலயே ஒண்ணுக்கு அடிச்சான். மை போட்ட கோடெல்லாம் நனைஞ்சு போச்சு. ஊரே என்னத் தொடப் பயந்துக்கிட்டு இருந்த நேரம் தம்பி அது. அப்பவே முடிவு பண்ணிட்டேன், இவன் நம்ம ஆளுன்னு. அவனுக்கு என்னமோ பேரு வெச்சிருக்காய்ங்க, என் வாயில நுழையாது. நான் குண்டன்னுதான் கூப்பிடுவேன். அம்புட்டுக் கனம்.

வேலுத்தாய் அன்னைக்குப் போட்ட கூப்பாட்டுல பிரசவ வார்டுல பாதிப் பேருக்கு வலி வந்திருக்கும். "நேராப் பாத்துட்டீகளே, நேராப் பாத்துட்டீகளே"ன்னு ஒரே ஒப்பாரி. அன்னையில இருந்து எனக்குக் கால்ல முள்ளு குத்துனாக்கூட அந்தப் பிள்ளைதான் காரணம். "கூறு கெட்டவளே, எனக்குக் கட்டி வந்தப்பறம்தான்டி அவன் பொறந்தான்"னேன். "அவன் வயித்துல இருக்கும்போதே கொடி சுத்தியிருக்கும்ல?"ங்கிறா. இதுக்கு என்னத்தச் சொல்ல? அவ கெட்டவ இல்ல தம்பி. ஆனா அந்தப் பிள்ளைய ஒரு தடவைகூடக் கையில வாங்கல. ரெண்டு வருஷமா. பவுனு நீட்டுனா, "கையில மாவா இருக்கு"ன்னுருவா. எப்பவுமே அவ கையில மாவுதான்.

ஏய் டிரைவரு! பாத்துப் போப்பா! ஸ்பீடு பிரேக்கருன்னு தெரியாதா ஒனக்கு? ஆத்தி... இருங்க தம்பி. ஒரு நிமிஷம். இந்தத் தலகாணிய இப்படி விலாவோட சேத்து அமுக்கிக்கிட்டா கொஞ்சம் தாங்குது. அவ எதுக்குக் குடுத்தாளோ, நமக்கு இதுக்காச்சும் ஒதவுது.

எங்க விட்டேன்? ஆங், மொத எலும்பு. போன தையில பவுனு பிள்ளையக் கூட்டிக்கிட்டு வந்திருந்தா. அப்பத்தான் நல்லா ஓடப் பழகியிருந்தான். நான் திண்டுல சாஞ்சு உக்காந்திருக்கேன், வாசல்ல இருந்து ஓடி வந்து கெடாக்குட்டி மாதிரி தலையால விலாவுல ஒரு முட்டு. டக்குன்னு ஒரு சத்தம். மூச்சே நின்னு போச்சு. "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, வாய்வு"ன்னேன். ஒரு வாரம் பூண்டும் பெருங்காயமுமாத் தின்னேன். மூச்சு விட்டா குத்துது, சிரிச்சா குத்துது, தும்மல் வந்தா குலசாமி கண்ணுல தெரியுது. நெஞ்செலும்பு சூப்பு வெச்சுக் குடிச்சும் கேக்கல. கடைசியில வேலுத்தாய்தான் என்னத் தள்ளிக்கிட்டு டாக்டரம்மாகிட்டப் போனா.

எலும்புல உடைசல் இருக்குன்னாங்க. ஸ்கேன் எடுக்கணும்னாங்க. வெளிய சொல்லல, ஆனா தெரியும்ல, கட்டி எலும்புக்கு வந்துருச்சோன்னுதான் எல்லாருக்கும் நெனப்பு. ரிசல்ட்டு வர்ற வரைக்கும் அந்த வராந்தாவுல உக்காந்திருந்தோம் பாருங்க. எனக்குப் பயம்தான் தம்பி. பொய் சொல்லல. வேலுத்தாய் என் கையப் புடிச்ச புடியில விரல் எலும்பும் போயிருக்கணும், எப்படித் தப்பிச்சுச்சுன்னு தெரியல.

டாக்டரம்மா கூப்பிட்டு, "கட்டி இல்ல, பயப்படாதீங்க"ன்னாங்க. "கட்டியக் கொல்ல வெச்ச கதிர் இந்த விலா எலும்பைத் தாண்டித்தான் உள்ள போச்சு. போற வழியில எலும்பையும் பலவீனமாக்கிருச்சு. உடனே தெரியாது, ஒரு வருஷம் ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் வெளிய வரும். சில பேருக்கு இப்படி ஆகும்."

"டீக்கடைப் பொறை மாதிரி தொட்டா நொறுங்குற கணக்கா ஆயிருச்சா?"ன்னேன்.

"அப்படித்தான் வெச்சுக்கங்க."

"நெஞ்செலும்பு சங்கதி எனக்குத் தெரியாதா டாக்டரம்மா? நீங்களும் நானும் ஒரே தொழில்தான?"ன்னேன். அவங்க சிரிக்கல. கனம் தூக்கக் கூடாது, கட்டையில வெச்சு வெட்டக் கூடாது, வலிக்குதுன்னு மூச்சை அடக்காம நல்லா இழுத்து விடணும், மாத்திரையத் தவறாமப் போடணும்னு சொல்லிக்கிட்டே போனாங்க. நான் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன். "பிள்ளை முட்டுனதாலயா உடைஞ்சுச்சு?" "பிள்ளை முட்டலேன்னா ஒரு இருமல்ல உடைஞ்சிருக்கும்"னாங்க. நல்லாக் கேட்டுக்கங்க தம்பி, ஒரு இருமல்ல. படிச்ச பொம்பள சொல்றாங்க. வேலுத்தாய் பக்கத்துலதான் நின்னு கேட்டா. வெளிய வந்ததும் என்ன சொல்றா? "அந்தம்மாவுக்குக் கொடி சுத்துன கதை தெரியாதுல்ல."

அதுக்கப்பறம் ஊரே பேச ஆரம்பிச்சிருச்சு. "கொடி சுத்துனவன் வேலையக் காட்டிட்டான்"னு. ரெண்டு வயசுப் பிள்ளைய, தம்பி! அவன் இன்னும் டவுசரைக் கழட்டத் தெரியாம அதோடயே போயிக்கிட்டு இருக்கான், அவன் என்னைக் கொல்லப் பாக்குறானாம். பவுனு காதுக்கும் போச்சு. அவ வர்றதை நிறுத்திட்டா. போன் போட்டா, "அவன் தூங்குறான்ணே"ம்பா. எப்ப போட்டாலும் தூங்குறானாம். என்ன பிள்ளை அது, பெருமாளா, எந்நேரமும் படுத்தே கிடக்க?

பிறகு காதுகுத்து வந்துச்சு. மூணாவது வயசு, ஒத்தப்படை, குலசாமி கோயில்ல மொட்டை போட்டுக் காது குத்தணும். காது குத்துறதுன்னா தாய்மாமன் மடியில வெச்சுத்தான குத்தணும்? பதினாலு வருஷமா இந்த மடிக்கு வேலை வரும்னு காத்துக்கிட்டு இருந்தவன் நான். பத்திரிகை கொண்டாந்து குடுக்குறா பவுனு, தலையக் குனிஞ்சுக்கிட்டே சொல்றா, "அண்ணே, சீரை நீ கொண்டா. மடியில மட்டும் தவசி வெச்சுக்கிரட்டும்."

தவசி யாருன்னா எங்க சித்தப்பன் மகன். அண்ணன் தம்பி முறையில அவனும் மாமன்தான். ஜிம்முக்குப் போறவன். ஒடம்பு இருக்கும், வேற ஒண்ணும் இருக்காது. அதுக்குள்ள பிளக்சு வேற அடிச்சுட்டான், கூலிங்கிளாஸு போட்டுக்கிட்டு ஆளுயரத்துக்கு நிக்கிறான். நான் மூலையில தபால்தலை கணக்கா இருக்கேன்.

"எவ சொன்னா ஒனக்கு இப்படிச் செய்யச் சொல்லி?"ன்னேன்.

"யாரும் சொல்லலண்ணே. என் பிள்ளை ஒனக்கு எமனா இருக்க வேணாம்"னு சொல்லிட்டு அழுகுறா. பெத்தவ வாயில வர்ற வார்த்தையா தம்பி இது? பதினாலு வருஷம் தவமாத் தவமிருந்து பெத்த பிள்ளைய அவளே எமன்ங்கிறா. அன்னைக்கு எனக்கு விலா வலிக்கல, அதுக்கும் உள்ள வலிச்சுச்சு. இன்னைக்கு நான் விட்டுட்டேன்னா அவன் பெரியவனாகி மீசை வெச்சாலும் மாமனை ஒடச்சவன்தான். பொண்ணு எடுக்கப் போற வீட்லயும் அதைத்தான் பேசுவாய்ங்க.

வேலுத்தாய்கிட்ட, "நான்தான் மடியில வெக்கப் போறேன்"னேன். "அந்தப் பிள்ளை மடியில ஏறுனா நீங்க பாடையில ஏறுவீக"ன்னா. "ஏறுனா நாலு பேரு தூக்கட்டும், நடக்குற அலுப்பாச்சும் மிச்சம்"னேன். அன்னைக்குச் சோத்துல உப்பே போடல அவ.

ஞாயித்துக்கிழமை காதுகுத்து. முந்தாநாள்தான். சொன்னாக் கேக்குற ஆளா நான்? தவசி வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டுப் பந்தலுக்குள்ள வர்றதுக்குள்ள, போயி மணையில சம்மணம் போட்டு உக்காந்துட்டேன். "கொண்டாங்கடா பிள்ளைய!"ன்னு ஒரு சத்தம். சொந்தபந்தம், ஒறமொறை எல்லாம் திரும்பிப் பாத்துச்சு. வேலுத்தாய் தூரத்துல நின்னு கண்ணாலயே என்ன உரிச்சுத் தொங்க விடுறா. பவுனு கொண்டாந்து மடியில வெச்சா. மொட்டைத் தலையில சந்தனம், கழுத்துல மாலை, வாயில மிட்டாய். என்னப் பாத்து ஒரு சிரிப்பு. எத்தனை மாசமாச்சு அவன் என் மேல உக்காந்து! கண்ணு கலங்கிருச்சு எனக்கு.

ஆசாரி வலது காதுல குத்துனாரு. வீல்னு ஒரு கத்து, பின்னாடி ஒரு எகிறு. அந்த மொட்டைத் தலை நேரா வந்து விலாவுல இறங்குச்சு. ஆட்டு நெஞ்செலும்பைக் கட்டையில வெச்சு வெட்டுறப்ப ஒரு சத்தம் வரும் தம்பி. முப்பது வருஷமாக் கேட்ட சத்தம். அதே சத்தம் எனக்குள்ள இருந்து கேட்டுச்சு. நானும் கத்திட்டேன். நல்ல வேளை, அவனும் கத்திக்கிட்டு இருந்தான், ரெண்டும் கலந்து போச்சு.

ஒரு காதுதான் ஆச்சு. இன்னொரு காது பாக்கி. அப்ப நான் பிள்ளைய எறக்கி விட்டேன்னு வெய்யிங்க, அம்புட்டுப் பேருக்கும் தெரிஞ்சு போகும். முடிஞ்சுச்சு அவன் கதை. "ம், குத்துய்யா"ன்னேன். பல்லைக் கடிச்சுக்கிட்டு அவனை ரெண்டு கையாலயும் அணைச்சுக்கிட்டேன். உதைக்கிறான், எகிறுறான். ஒவ்வொரு உதைக்கும் கண்ணுக்குள்ள பூச்சி பறக்குது. கண்ணுல இருந்து தண்ணி கொட்டுது. ஒறமொறையெல்லாம் என்ன சொல்றாய்ங்க? "பிள்ளைக்கு வலிச்சா மாமன் அழுகுறான்யா, பாசம்னா இதுதான்யா"ங்கிறாய்ங்க. போட்டோக்காரன் வேற, "மாமா சிரிங்க, மாமா சிரிங்க"ங்கிறான். சிரிச்சேன். அந்தப் போட்டோ வரட்டும், என்ன மாதிரி சிரிச்சிருக்கேன்னு எனக்கே பாக்கணும்.

ரெண்டாவது காதும் முடிஞ்சுச்சு. யாருக்கும் தெரியல. வேலுத்தாய் நேரா மணைக்கிட்ட வந்தா, என் மூஞ்சியவே பாத்தா. "பிள்ளைய எங்கிட்டக் குடுங்க"ன்னு என் மடியில இருந்து வாங்கி இடுப்புல வெச்சுக்கிட்டா. ரெண்டு வருஷத்துல மொத தடவை! எனக்கே ஆச்சரியம். வீடியோ ஓடிக்கிட்டு இருந்துச்சுல்ல, படத்துல விழணும்னு ஆசையா இருந்திருக்கும்.

அப்புறம் செஞ்சா பாருங்க ஒரு வேலை. ஒறமொறை அம்புட்டுக்கும் கேக்குற மாதிரி பவுனுகிட்ட, "பாத்தியாடி? ஒங்கண்ணனுக்கு ஒண்ணும் ஆகல. குத்துக்கல்லு மாதிரி உக்காந்திருக்காரு. இனிமே எவளாச்சும் என் மருமகனைக் கொடி சுத்துனவன்னு சொன்னா, நாக்கை இழுத்து வெச்சு அறுத்துப்புடுவேன்"னா. மருமகன்ங்கிறா தம்பி! பவுனு அவளைக் கட்டிக்கிட்டு ஒரு அழுகை. நான் அசையாம உக்காந்திருக்கேன். அசைஞ்சா ஊளை வந்துரும். ஆனா உள்ளுக்குள்ள ஒரே குஷி. வேலுத்தாயையே ஏமாத்திட்டோம்ல! அவளை ஏமாத்துன ஆளு ஊர்ல கிடையாது.

கெடா வெட்டு. நானே பாத்துக் குடுத்த கெடா. பந்தியில கீழ உக்காந்தா எந்திரிக்க முடியாதே, என்ன செய்ய? "எனக்கு இன்னைக்கு விரதம்"னு சொல்லிட்டேன். கறிக்கடைக்காரன் கெடா வெட்டுல விரதம்! எல்லாரும் ஒரு மாதிரிப் பாத்தாய்ங்க. வேலுத்தாய் மட்டும், "ஆமா, அவருக்கு விரதம்"னுட்டு ஒரு சொம்பு மோர் கொண்டாந்து குடுத்தா. கசந்துச்சு தம்பி. அடியில வெள்ளையா மாவு மாதிரி கிடந்துச்சு. தயிரு எந்தக் கடையில வாங்குனாய்ங்களோ. ஆனா குடிச்சுக் கொஞ்ச நேரத்துல வலி நல்லா மட்டுப்பட்டுச்சு. அதான் சொல்றேன், இதுல பாதி வாய்வுதான். மோர் வாய்வைக் கேக்கும்.

செக்கானூரணி தாண்டிருச்சா? இன்னும் கொஞ்ச நேரந்தான். டாக்டரம்மா திட்டுவாங்க. திட்டட்டும். எலும்பு ஒட்டிக்கிரும், மொத எலும்பு ஒட்டலையா? பிள்ளை பேரு உடைஞ்சா எந்த டாக்டரு ஒட்டுவாரு?

இருங்க, போன் அடிக்குது. அய்யய்யோ, வேலுத்தாய்! தம்பி, பஸ்ஸு சத்தம் கேக்குமே. சந்தைன்னு சொல்லியிருக்கேன். ஒரு ஒதவி செய்யிங்க, நான் பேசுறப்ப கொஞ்சம் ஆடு மாதிரிக் கத்துங்க. என்ன தம்பி வெக்கம்? ஒரு பிள்ளையோட வாழ்க்கை தம்பி. வெள்ளாடா செம்மறியான்னு கேக்குறீங்களே, எதுவா இருந்தா என்ன? கத்துங்க.

அலோ! ஆமா, சந்தையிலதான் இருக்கேன். செம கூட்டம்... கத்துங்க தம்பி... கேட்டியா ஆட்டுச் சத்தம்? நல்ல குட்டி... என்னது? யாரு, குண்டனா? அவன் எப்படி நம்ம வீட்ல... நீயா கேட்ட? ரெண்டு நாளைக்கு விட்டுட்டுப் போன்னு நீயா பவுனுகிட்டக் கேட்ட?... குடு, குடு அவன்கிட்ட. டேய் குண்டா! மாமாடா! ஆங், ஆடு, ஆடு... தம்பி, இன்னொரு தடவை கத்துங்க, பிள்ளை கேக்குறான்... மே! அவனும் கத்துறான் பாருங்க! மே! சிரிக்க வைக்காதடா, சிரிச்சா... ஆ... இல்ல இல்ல, ஒண்ணுமில்ல வேலு, ஒரு ஆடு முட்டிருச்சு. வலியெல்லாம் இல்ல... சரி... சரி... சரிங்கிறேன்ல. வெய்யி போனை.

கேட்டீங்களா தம்பி கூத்தை? "கூட்டமா இருந்தா டோக்கனைப் போட்டுட்டு ஒரு ஓரமா உக்காருங்க, நின்னுக்கிட்டே இருக்காதீங்க. சட்டையக் கழட்டுறப்ப வலது கைய மெதுவாத் தூக்குங்க"ங்கிறா. ஆட்டுச் சந்தையில எவன் டோக்கன் குடுக்குறான்? அங்க எதுக்கு நான் சட்டையக் கழட்டப் போறேன்? முப்பது வருஷம் என்கூடக் குடும்பம் நடத்தியிருக்கா, சந்தைன்னா என்னன்னே தெரியல. இவளை ஏமாத்துறது ரொம்பச் சுலபம்.

ஆரப்பாளையம் வந்துருச்சு. பைய எந்திரிக்கிறேன், நீங்க அந்தத் தலகாணிய மட்டும் எடுத்துக் குடுங்க. தொலைச்சுட்டுப் போனா அதுக்கு வேற அவகிட்ட ஒரு பொய் சொல்லணும்.